மூன்றாவது சிப்பாய்

த்யூபொரோன் மீன் ஏலக் கூடத்தில்
பதினேழு வருடமாக எடை போடுகிறேன்.
காட் மீன், தட்டை மீன், நண்டு;
பெட்டியின் எடை, பனிக்கட்டியின் எடை
கழித்துத்தான் எழுதுவேன்.
ஐம்பது கிராம் கூடுதலாய்
எவனும் கொண்டுபோனதில்லை.
"தராசாவது கொஞ்சம் ஆடும், குன்வோர் ஆடமாட்டாள்"
என்பார்கள், முகத்துக்கு நேரே.

அப்படிப்பட்டவள்
இந்தக் குளிர்காலத்தில்
கொடுக்கக் கற்றுக்கொள்கிறேன்.

ராஜாவின் சிப்பாய் இரண்டு கட்டம்.
கறுப்பும் அப்படியே.
அடுத்து ராணியின் சிப்பாய்: எடுத்துக்கொள்.
எடுக்கிறான்.
அவனுக்குப் பக்கத்தில் நின்றவன், ஒரே கட்டம்:
இவனையும்.
எடுக்கிறான்.
மந்திரி வெளியே வந்து நிற்கிறார்
மூன்றாமவன் தன் வீட்டுப்பிள்ளை இல்லை என்பதுபோல.

டேனிஷ் கேம்பிட்.
பெயர் எங்களுடையது.
எங்கள் மன்றத்தில் ஆடுவார் இல்லை.

சமையலறை மேசையில் தனியாக ஆடிப் பார்க்கிறேன்.
வெள்ளைக்கு ஒரு நாற்காலி.
கறுப்புக்கு எழுந்து எதிர்ப்பக்கம் போகவேண்டும்,
இல்லாவிட்டால் எடுக்க மனம் வருவதில்லை.
முதல் சிப்பாய் போனது.
இரண்டாவது, பல்லைக் கடித்துக்கொண்டு.
மூன்றாவதற்கு
என் கை ரசீது கேட்கிறது.

கொடுத்த பிறகுதான் தெரிகிறது
எவ்வளவு இடம் என்று.
இரண்டு மந்திரிகளுக்கும் இரண்டு தெருக்கள்
கறுப்பு ராஜாவின் வாசல்வரை,
நடுவில் ஒரு வேலிகூட இல்லை.
எங்கள் ஊருக்குள் மேல்காற்று
இப்படித்தான் நுழையும்.

ஐஸ் ஆலைக்கு மேலே, செவ்வாய் மாலைகள்.
முதல் வாரம், பள்ளிப் பேருந்து ஓட்டும் ரக்னில்ட்
மூன்றையும் விழுங்கி ஏப்பம்விட்டு ஜெயித்தாள்.
அடுத்த வாரம் மருந்துக்கடை வில்லாட்ஸ்.
பதினாலே நகர்வு.
ராஜா நடுவீதியில், சட்டையில்லாமல்.
அவர் காதுகள் சிவந்ததைப் பார்த்தேன்,
பார்த்துக்கொண்டே இருந்தேன்.
மறுநாள் ரொட்டிக்கடையில் தந்த பாக்கியை
எண்ணாமல் பையில் போட்டேன்.
வெளியே வந்து எண்ணினேன்.

பிறகு டோர்கில்.
துறைமுகக் கிரேன் ஓட்டுகிறவன்.
சும்மா கிடைத்தால் பினாயிலையும் குடிப்பான்
என்றுதான் நினைத்திருந்தேன்.
எடுத்தான். எடுத்தான். மூன்றாவதையும் எடுத்தான்.
நான் கோட்டின் மேல்பொத்தானைக் கழற்றினேன்.

அப்போது அவன்
தன் ராணியின் சிப்பாயைத் தூக்கி
மெதுவாக, கிரேன் இறக்குவதுபோல,
என் மந்திரியின் வாய்க்குள் வைத்தான்.

நான் தின்றேன். குதிரை வந்தது.
ராஜாவின் பக்கத்தில் ஒரு சிப்பாய்: தின்றேன், ஷா.
அவன் என் மந்திரியைத் தின்றான்.
நான் ராணியை.
அவன் மந்திரி ஷா சொல்லி
என் ராணியையும் இழுத்துக்கொண்டு போனது.
புகை அடங்கியபோது
சிப்பாய்கள் ஐந்துக்கு ஐந்து.

"எல்லாம் திருப்பித் தந்துவிட்டேன்" என்றான்.
"எண்ணிப் பார்த்துக்கொள்."

எண்ணினேன். சரியாகத்தான் இருந்தது.
வாங்கினவன் வைத்துக்கொள்வான்
என்பதன் மேல்தான்
என் நெருப்பு முழுவதையும் கட்டியிருந்தேன்.
திருப்பித் தருகிறவனை என்ன செய்வது?
புத்தகத்தில் அந்தப் பக்கத்தைத்
தாண்டிப் போயிருந்தேன்.

கீழே இயந்திரம்
பனிக்கட்டியைக் கொட்டிக்கொண்டே இருந்தது.
நாற்பத்தெட்டாவது நகர்வில் சமன்.
இரண்டு ராஜாக்கள், பேச ஒன்றுமில்லாமல்.

காலையில் அவன் கிரேனிலிருந்து பெட்டிகள் இறங்கின.
பனிக்கட்டி கழித்து எழுதினேன்.
அவன் மேலிருந்து கையாட்டினான்.
என் கையில் பேனா இருந்தது.

இன்றிரவு மறுபடி மேசை.
அவன் வைத்த சிப்பாயை
மந்திரியால் எடுக்காமல்
என் சிப்பாயால் எடுத்தால்?
ஒரு தெரு அடைபடும்.
ராணிகள் பிழைத்திருப்பார்கள்.
காற்று இன்னொரு தெரு வழியாக வரட்டும்.

இரண்டு முறை எண்ணிவிட்டேன்:
ஒரு சிப்பாய்
அவனிடம் பாக்கி நிற்கிறது.

நிற்கட்டும்.